கோடு என்றாலும் மலை, வரை என்றாலும் மலை

முதலாண்டு முடிந்து மே மாதத் தொடக்கத்தில் உதகை இந்து நகருக்குத் திரும்பியபோது, ஓவியம் என்று எடுத்துக் காட்டும்படி என்னிடம் ஒன்றுகூட இல்லை. என் பெரிய அட்டைப் பையை ஆவலோடு திறந்த எதிர்வீட்டு அத்தையின் கைக்கு வந்தவை, வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும் பத்துக் கட்டங்கள், எவர்சில்வர் டம்ளரின் வாயை மட்டும் திரும்பத் திரும்ப வரைந்த நாற்பது தாள்கள், நாற்காலியை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த வெற்றிடத்துக்கு மட்டும் மை பூசிய ஒரு தாள் ஆகியவைதாம். "ஒரு வருஷமா இதத்தான் படிச்சியா கண்ணு?" என்று அவர் கேட்டதில் கேலி சிறிதும் இல்லை, உண்மையான கவலை இருந்தது. தம் வீட்டுக் கூடத்தில் மாட்ட நான் ஒரு பிள்ளையார் படம் வரைந்து தருவேன் என்று அவர் ஓராண்டாகக் காத்திருந்தார். அன்று அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அடிப்படைப் பயிற்சி ஆண்டில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் இந்தப் படிப்புக்குத் தாமதமாக வந்தேன். வணிகவியலில் பட்டம் பெற்று, குன்னூரில் தேயிலைத் தரகு அலுவலகம் ஒன்றில் நான்காண்டுகள் கணக்கெழுதிவிட்டு, 26 வயதில் சென்னையில் ஒரு கவின்கலைக் கல்லூரியின் முதலாண்டு வகுப்பில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் நடுவே போய் உட்கார்ந்தேன். அந்த வகுப்பறையில் எனக்கு முதலில் பழக்கமாகத் தோன்றியது அதன் சன்னல்தான். குன்னூர் அலுவலகத்தில் தேநீர் சுவைத்துத் தரம் பிரிக்கும் அறைக்கும் வடக்கு பார்த்த பெரிய சன்னல் இருந்தது. வரிசையாக வைத்த வெள்ளைக் கோப்பைகளில் சாற்றின் நிறத்தை ஒப்பிட வேண்டுமானால் நேர்வெயில் விழாத, மணிக்கு மணி மாறாத வெளிச்சம் வேண்டும். ஓவியப் பட்டறைக்கும் அதே காரணத்துக்காக அதே வடக்குச் சன்னல். ஆனால் நம் மலை அமைந்திருக்கும் இடத்தில், ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டு வரை உச்சிச் சூரியனே சற்று வடக்கே சாய்ந்துதான் நிற்கும்; அந்த மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் எட்டிப்பார்க்கும். ஐரோப்பாவின் வானத்துக்காக வகுத்த விதியை நாம் அப்படியே சுவரில் பொருத்திவைத்திருக்கிறோம் என்பது அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த நான்காண்டுகளில் எனக்குத் தோன்றவேயில்லை.

எங்கள் பட்டப்படிப்பு நான்காண்டு. ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, சுடுமண், காட்சித் தொடர்பு என்று தனித்தனியே பிரிவதற்கு முன்பு, முதலாண்டில் அனைவரும் ஒரே பட்டறையில் ஒரே பயிற்சிகளைச் செய்தாக வேண்டும். கோட்டோவியம், வண்ணம், இருபரிமாண வடிவமைப்பு, முப்பரிமாண வடிவமைப்பு என்று கைவேலைப் பாடங்கள் நான்கு; அவற்றோடு கலை வரலாறும் காட்சிப் பண்பாடும் சேர்ந்த எழுத்துப் பாடம் ஒன்று. காலை முழுவதும் கைவேலை, பிற்பகலில் எழுத்துப் பாடம் என்பதால் கரியும் மையும் அப்பிய கையோடுதான் குறிப்பெடுப்போம். முப்பரிமாணத்தைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. களிமண் என் கைக்கு வசப்படவில்லை. பிளாஸ்டர் வார்ப்பில் இரண்டு முறை அச்சு உடைந்தது, மூன்றாம் முறை உடையாமல் வந்ததை யாருக்கும் காட்டுவதாக இல்லை.

முதல் பயிற்சி அந்தப் பத்துக் கட்டங்கள்தாம். போஸ்டர் கலரில் வெள்ளையையும் கறுப்பையும் கலந்து, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் உள்ள வேறுபாடு எங்கும் ஒரே அளவாகத் தெரியும்படி பத்துப் படிகளைத் தீட்ட வேண்டும். ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பதினோரு நாள் ஆயிற்று. இரண்டையும் சம அளவில் கலந்தால் சரிபாதிச் சாம்பல் வரும் என்ற என் கணக்கு முதல் நாளே பொய்த்தது. ஒரு துளிக் கறுப்பு ஒரு கரண்டி வெள்ளையை மங்கச் செய்துவிடும்; ஒரு கரண்டி வெள்ளையைக் கொட்டினாலும் கறுப்பு இலேசில் அசைவதில்லை. நான்காம் நாள் இரவு தொலைபேசியில் அப்பாவிடம் புலம்பியபோது அவர் சிரித்துவிட்டு, கூட்டிப் பார்க்காதே, பெருக்கிப் பார் என்றார்.

அப்பா இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1960இல் நிறுவப்பட்ட அந்தப் பொதுத்துறை ஆலை, கறுப்பு வெள்ளைப் படச்சுருளையும் அச்சுத்தாளையும் எக்ஸ்ரே பிலிமையும் 'இந்து' என்ற வணிகப் பெயரில் நாடெங்கும் அனுப்பியது. எங்கள் குடியிருப்புக்கும் அதே பெயர்தான். (இந்து என்றால் நிலவு. வெளியூர் நண்பர்களுக்கு இதை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. வெள்ளி உப்பில் ஒளியைப் பிடித்துவைக்கும் பொருளுக்கு நிலவின் பெயரைச் சூட்டியவர் யாரோ, பெயர் வைக்கத் தெரிந்தவர்.) படச்சுருளின் கருமையை அடர்த்தி என்னும் எண்ணால் அளப்பார்கள் என்றும், அடர்த்தி 0.3 கூடினால் ஊடுருவும் ஒளி பாதியாகும், மேலும் 0.3 கூடினால் அந்தப் பாதியிலும் பாதியாகும் என்றும் அப்பா அன்றிரவு விளக்கினார். கண்ணும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணுகிறது. அதனால்தான் கண் சரிபாதி என்று ஏற்றுக்கொள்ளும் நடுச்சாம்பல், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. இந்த ஒரு விவரம் தெரிந்தபின் என் கட்டங்கள் மெல்ல ஒழுங்குக்கு வந்தன. எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருளுக்குச் சிவப்பு விளக்குகூட ஆகாது. ஆகவே பணி நேரத்தின் பெரும்பகுதியை முழு இருட்டில், கையால் சுவரைத் தடவி நடந்து கழித்த மனிதர், வெளிச்சத்தின் படிகளை எனக்குத் தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுத்தார்.

கோட்டோவிய வகுப்பில் இருட்டுக்கு நிகரான ஒரு பயிற்சி உண்டு. தாளை ஒருமுறைகூடப் பார்க்காமல், எதிரே உள்ள பொருளின் விளிம்பில் கண்ணை எறும்புபோல ஊரவிட்டு, அதே வேகத்தில் கையையும் நகர்த்த வேண்டும். விளைவது சித்திரமாக இருக்காது. காது கன்னத்தில் இறங்கியிருக்கும், மூக்கு தாளின் ஓரத்துக்குப் போயிருக்கும். ஆனால் அரை மணி நேரம் அப்படிச் செய்தபின் அதே முகத்தைத் தாளைப் பார்த்து வரைந்தால், நமக்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும் கண், மூக்கு, வாய் ஆகியவற்றைக் கை தானாக எழுதுவது குறைந்திருக்கும். டம்ளர் பயிற்சியின் நோக்கமும் இதுதான். டம்ளரின் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும். தெரிந்திருப்பதாலேயே அதைத் தேவைக்கு மேல் வட்டமாக வரைகிறோம். கண்மட்டத்தில் வைத்த டம்ளரின் வாய் வெறும் கோடாகத்தான் தெரியும். டம்ளரைக் கீழே இறக்க இறக்க அது மெல்லத் திறந்துகொள்ளும், அடிப்பகுதியின் வளைவு எப்போதும் வாயின் வளைவைவிடச் சற்று அகன்றே இருக்கும். இதை நாற்பது தாள்களில் நானே கண்டுபிடிக்கும்படி விட்டார்கள். முதல் தாளிலேயே சொல்லிவிட்டிருக்கலாமே என்று அப்போது எரிச்சல் வந்தது. சொல்லியிருந்தால் இன்னொரு மனப்பாடம்தான் சேர்ந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கரியைப் பற்றி ஒரு கிளைக்கதை சொல்லிவிடுகிறேன். ரப்பர் பரவலாகும் முன்பு கரிக்கோட்டை அழிக்க ரொட்டியின் மெத்தென்ற உட்பகுதியைப் பிசைந்து பயன்படுத்தினார்கள், இன்றும் அது நன்றாகவே வேலை செய்கிறது என்று ஆசிரியர் சொன்னதும், விடுதியில் என் பெட்டியில் இருந்த ஊட்டி வர்க்கியை எடுத்து முயன்று பார்த்தேன். வர்க்கியில் உள்ள கொழுப்பு தாளில் ஊறி, 22க்கு 30 அங்குலத் தாள் ஒன்று பாழாயிற்று. அந்த எண்ணெய்த் திட்டின் மீது கரி ஏறவே ஏறாது என்பதை அறிந்துகொண்டதுதான் மிச்சம். சித்திரத் தாங்கியை எல்லாரும் ஈசல் என்று ஆங்கிலப் பெயரால் அழைக்கும்போதெல்லாம், முதல் மழைக்குப் பின் எங்கள் வாசல் விளக்கைச் சுற்றும் ஈசல்கள் எனக்கு நினைவுக்கு வரும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

நான் மலைக்காரப் பிள்ளை என்பது முதன்முதலில் எனக்கு உறைத்தது, தூரக்காட்சி பாடத்தில். பார்ப்பவரின் கண்மட்டத்தில் ஒரு கோடு. இணையாக விலகிச் செல்லும் எல்லாக் கோடுகளும் அதில் ஒரு புள்ளியில் சென்று மறையும். அந்தக் கோடுதான் தொடுவானம். சமவெளியிலும் கடற்கரையிலும் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. நானோ வரைந்த ஒவ்வொரு தெருவிலும் தொடுவானத்தை மலைமுகட்டில் கொண்டுபோய் வைத்தேன், அதனால் என் வீடுகள் அனைத்தும் பின்புறமாகச் சாய்ந்து விழுந்தன. உதகையில் வானம் தொடங்கும் இடம் முகடுதான். கண்மட்டமோ எதிர்ச்சரிவின் நடுவில், ஏதோ ஒரு தேயிலைப் பாத்தியில், கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். மெரினாவில் போய் நின்று, கடலும் வானும் சந்திக்கும் கோடு சரியாக என் கண்ணின் உயரத்தில் இருப்பதையும், நான் உட்கார்ந்தால் அதுவும் என்னோடு கீழே இறங்குவதையும் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கோடு கடலுக்குரியது அல்ல. நிற்கிற எனக்கு உரியது.

அன்றிரவு அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கோடு என்ற சொல்லுக்கு மலைமுகடு என்றும், விலங்கின் கொம்பு என்றும் பொருள் உண்டு. வரை என்று ஏவினால் தாளில் கோடிழுக்க வேண்டும்; வரை என்று பெயராகச் சொன்னால் சங்கப் பாடல்களில் அது மலை. வரைவதற்கும் மலைக்கும் தமிழில் இத்தனை நெருக்கம் இருக்கும்போது நான் முகட்டைத் தொடுவானமாக எண்ணியதில் வியப்பில்லை என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஆசிரியர் அந்த வாதத்தை ஏற்கவில்லை, மதிப்பெண்ணும் கூடவில்லை.

நாற்காலியைச் சுற்றிய வெற்றிடத்துக்கு வருகிறேன். பொருளை வரையாமல் அதன் கால்களுக்கு இடையிலும் முதுகுச் சட்டங்களுக்கு நடுவிலும் உள்ள வெற்றிட வடிவங்களை மட்டும் வரைந்தால், நாற்காலி தானாகவே வந்து நிற்கும். வெற்றிடத்துக்குப் பெயர் இல்லாததால் அதைக் கண் நேர்மையாகப் பார்க்கிறது என்பதே இதன் சூட்சுமம். இந்தப் பயிற்சியின்போது எனக்கு, எங்கள் மலையின் பழங்குடியினரான தோடரின் பூத்தையல் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் தோடர் பெண்கள் செய்யும் அந்த வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியின் மேல் முன்கூட்டியே எதையும் வரைந்துகொள்வதில்லை. ஊடையையும் பாவையும் கண்ணால் எண்ணி, எத்தனை இழையை விட வேண்டும், எத்தனை இழையை எடுக்க வேண்டும் என்ற கணக்கிலேயே கோலம் எழும்புகிறது. உதகைச் சந்தைப் பக்கம் பூத்துக்குளி என்னும் அந்தப் பூத்தையல் போர்வையைப் போர்த்திச் செல்லும் முதியவர்களைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே கிடக்கும் வெள்ளைப் பட்டையும் திட்டமிட்டு விட்ட வடிவம் என்பதை, சென்னையில் ஒரு நாற்காலியின் முன் உட்கார்ந்த பிறகே கண்டுகொண்டேன்.

இந்தப் பயிற்சிகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு எழுத்துப் பாடத்தில் விடை கிடைத்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அரசு விரைவிலேயே அதை எடுத்துக்கொண்டது. அக்காலத்துப் பயிற்சி, லண்டனில் வகுத்த முறைப்படி அச்சுப் படங்களையும் பிளாஸ்டர் வார்ப்புகளையும் பிசகாமல் நகலெடுப்பது. எல்லாருக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சி என்ற எண்ணம், 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியிலிருந்து உலகெங்கும் பரவியது. ஜோஹன்னஸ் இட்டன் அங்கே நடத்திய முன்பயிற்சி வகுப்பில் பழைய மாதிரிகளை நகலெடுப்பதற்குப் பதிலாக ஒளி-நிழல், வண்ண முரண், பொருளின் தொடுவுணர்வு ஆகியவை பாடங்களாயின. அதே 1919இல்தான் சாந்திநிகேதனில் கலாபவனம் என்ற கலைப்பள்ளி தோன்றியது. 1922 டிசம்பரில் பௌஹவுஸ் ஆசிரியர்களான இட்டன், கிளீ, காண்டின்ஸ்கி ஆகியோரின் படைப்புகள் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆக, அடிப்படைப் பயிற்சியை வெறும் மேற்கத்திய இறக்குமதி என்று ஒதுக்குவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. அது காலம், இடம் கடந்த பொதுவிதி என்று பேசுவோரோடும் உடன்பாடில்லை. வடக்குச் சன்னலைப் போல, அதுவும் ஓரிடத்தில் ஒரு தேவைக்காகச் செய்யப்பட்டது. நம்மூர் வெயிலுக்கு எங்கே பொருந்துகிறது, எங்கே ஒட்டவில்லை என்று பார்த்துப் பயன்படுத்த வேண்டியதுதான்.

காட்சிப் பண்பாடு என்ற பாடத்தின் பெயரைக் கேட்டு முதலில் நான் பயந்தேன். அருங்காட்சியகத்து ஓவியங்களை மட்டுமல்லாமல் நாள்காட்டி, தீப்பெட்டி, வரைபடம், சினிமா விளம்பரத் தட்டி, எக்ஸ்ரே, அடையாள அட்டைப் புகைப்படம் என்று நாம் அன்றாடம் பார்க்கும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, யார் யாருக்காகச் செய்தது, இதில் பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார் என்று கேட்பதே அந்தப் பாடம். முதல் வகுப்புக்கு அவரவர் ஊரிலிருந்து ஒரு படம் கொண்டுவரச் சொன்னார்கள். நான் கொண்டுபோனது ஒரு தேயிலைப் பொட்டலத்தின் அட்டை. முன்னால் கூடையோடு புன்னகைக்கும் பெண், நடுவில் பச்சைப் படிகள், பின்னால் நீல மலை. படத்தை எடுத்தவர் எங்கே நிற்கிறார் என்று ஆசிரியர் கேட்டார். சாலையில் என்றேன். கொழுந்து பறிப்பவர் நிற்கும் சரிவிலிருந்து அந்த நீலம் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு என்னிடம் விடையில்லை.

நீலம் எப்படி வருகிறது என்பது கைவேலைப் பாடத்திலேயே சொல்லிக்கொடுத்ததுதான். காற்று, சூரிய ஒளியின் குறுகிய அலைகளை அதிகமாகச் சிதறடிக்கிறது. நமக்கும் தொலைவில் உள்ள மலைக்கும் நடுவே கிடக்கும் காற்று முழுவதும் அந்தச் சிதறிய நீலத்தால் நிறைந்திருப்பதால், தூரம் கூடக் கூட மலையின் இருட்டு வெளிறுகிறது, பச்சை நீலமாகிறது. ஒவ்வொரு முகட்டுக்கும் ஒரு படி வெளிறிய சாம்பல் கொடுத்தால் தாளிலும் தூரம் பிறந்துவிடும். என் பத்துக் கட்டங்கள் முதன்முறையாகப் பயன்பட்ட இடம் அதுதான். நீல ஒளிக்கு மட்டும் கூருணர்வுள்ள பழைய படச்சுருளில் தொலைமலை வெளிறிக் காணாமலே போய்விடும், எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருளைப் போட்டு, மஞ்சள் அல்லது சிவப்பு வடிகண்ணாடியை வில்லையின் முன் பொருத்தினால் திரும்பி வரும் என்று அப்பா சொன்னார். எனவே நீலம் மலையில் இல்லை. மலைக்கும் பார்ப்பவருக்கும் இடையில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் நின்றால் நீலகிரி. ஏறி வந்து இங்கே நின்றால் பச்சையும் பழுப்பும் மண்சிவப்பும்தான், நீலம் இன்னும் அடுத்த முகட்டுக்குத் தள்ளிப்போய்விடும். குறிஞ்சி பூத்ததால் வந்த பெயர் என்ற விளக்கம் எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் இந்தப் பெயரை வைத்தவர்கள் கீழே நின்றவர்கள் என்றே இப்போது நினைக்கிறேன். சிலப்பதிகாரத்தின் கால்கோட் காதையில் வடதிசைக்குப் படையெடுத்துச் செல்லும் செங்குட்டுவன் தங்குவதும் நீலகிரியின் நெடும்புறத்தில்தான். அது இந்த மலைதானா என்ற விவாதம் அறிஞர்களிடையே இருக்கிறது. எந்த மலையானாலும், அவன் நின்றது புறத்தில்.

ஆண்டிறுதிக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: இந்த மலையின் படங்களை எடுத்தவர்கள் எங்கே நின்றார்கள்? கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் கல் வீட்டைக் கட்டி, நீரோடையைத் தடுத்து ஏரியையும் உண்டாக்கிய சில ஆண்டுகளிலேயே இங்கே ஓவியத் தாள்களோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். 1835இல் இங்கு சிறிது காலம் தங்கிய ரிச்சர்ட் பாரன் என்ற படை அதிகாரியின் காட்சிகள் 1837இல் லண்டனில் அச்சாயின. முன்னால் இருண்ட மரம், நடுவில் ஒளிரும் நீர், பின்னால் வெளிறிய மலை என்பது அக்கால ஐரோப்பிய இயற்கைக்காட்சி ஓவியத்தின் வாய்பாடு. கூடலூர் சாலையில் ஒன்பதாவது மைலில் சுற்றுலாப் பயணிகள் இன்று எடுக்கும் கைப்பேசிப் படங்களும் ஏறக்குறைய அதே வாய்பாட்டில் அமைகின்றன என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்தப் பக்கத்துப் புல்வெளிக்கு ஷூட்டிங் மேடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. சோலையும் புல்வெளியுமாக இருந்த மலையில் பிற்பாடு நட்ட தைலமரத்தையும் பைன் மரத்தையும் இயற்கை அழகு என்று எண்ணவும் அந்தப் படங்களே நம்மைப் பழக்கியிருக்கின்றன. நானும் பள்ளிக்கூட ஓவியப் போட்டிகளில் பைன் மரமே வரைந்தேன், சோலைமரத்தை ஒருமுறைகூட வரைந்ததில்லை.

அதன்பின் வந்தவை புகைப்படங்கள். நீலகிரியின் முதல் ஆணையரான ஜேம்ஸ் பிரீக்ஸ் எழுதிய நூலும், மண்டையோட்டின் அமைப்பைக் கொண்டு குணத்தைக் கணிக்க முயன்ற வில்லியம் மார்ஷல் தோடரைப் பற்றி எழுதிய நூலும் 1873இல், இரண்டும் புகைப்படங்களோடு, வெளிவந்தன. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவைக் கருவிகளோடு மலையேறி வந்து மூக்கையும் தலையையும் அளந்து எண்களாக்கினார். அந்தப் படங்களில் நேர்முகமாகவும் பக்கவாட்டிலும் நிறுத்தப்பட்டவர்களை வகுப்பறைத் திரையில் பார்த்தபோது, அன்று காலைதான் நான் ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, பென்சிலின் நுனியிலிருந்து கட்டைவிரல் வரை எங்கள் மாதிரிப் பெண்மணியின் தலையை அளந்து, உடல் ஏழு தலை உயரம் என்று குறித்துவைத்திருந்தேன். இரண்டும் ஒன்று என்று சொல்வது மிகை. என் அளவு ஒரு தாளோடு முடிந்தது. தர்ஸ்டனின் அளவு மனிதர்களை வகைப்படுத்தி அட்டவணையில் ஏற்றியது. ஆனாலும் கையின் அசைவு ஒன்றுதான் என்பதை மறைக்க முடியவில்லை. மறுநாள் அந்தப் பெண்மணியிடம் அவர் பெயரைக் கேட்டேன். ஐந்து மாதமாக அவரை வரைந்துகொண்டிருந்த நாங்கள் முப்பது பேரில் யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை. தேநீர் இடைவேளையில் அவர் எங்கள் தாள்களைப் பார்த்துக்கொண்டே நடந்து, என் தாளின் முன் நின்று, தம் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருக்கும், தண்ணீர்க் குடம் தூக்கி அப்படி ஆகிவிட்டது என்றார். நான் ஏழு தலை உயரத்தைச் சரியாகக் கொண்டுவந்திருந்தேன். தோள்கள் இரண்டையும் ஒரே மட்டத்தில் வரைந்திருந்தேன்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வரைகுறிப்பு எடுக்கச் சென்ற ஒரு சனிக்கிழமையில், எங்கள் மலையின் பழங்காலக் கல்வட்டங்களிலிருந்து எடுத்த சுடுமண் கலயங்களைக் கண்டேன். மூடிகளின் மேல் எருமைகள் நிற்கின்றன. உருவம் சிறிது, கொம்பு மிகப் பெரிது. பிரீக்ஸ் முதலியோர் தோண்டியெடுத்த இவ்வகைப் பொருள்கள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. எருமையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் செய்தவை என்பது அந்தக் கொம்பின் வளைவிலேயே தெரிகிறது. களிமண் கைக்கு வராத எனக்கு அவற்றின் முன் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அவற்றைப் பார்க்க நான் மலையை விட்டு இறங்கி ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டியிருந்தது.

மலையிலேயே இருக்கும் பழைய சித்திரங்களும் உண்டு. கோத்தகிரிக்கு அப்பால் வெள்ளரிக்கொம்பைப் பக்கம் உள்ள பாறை ஓவியங்களுக்கு எழுத்துப்பாறை என்று பெயர். அதைச் சூழ்ந்த குறும்பர் ஊர்களில் இன்று மண்ணும் மரச்சாறும் இலையும் கொண்டு தாளிலும் துணியிலும் தேனெடுப்பையும் கூத்தையும் விதைப்பையும் வரைகிறார்கள். சித்திரம் இருக்கும் பாறைக்கு எழுத்துப்பாறை என்ற பெயர் ஏன் என்று சிறுவயதில் நான் குழம்பியதுண்டு. பழந்தமிழில் எழுதுவது என்றால் சித்திரம் தீட்டுவதும்தான். பரிபாடலின் 19ஆம் பாடலில், திருப்பரங்குன்றத்தில் இருந்த எழுத்துநிலை மண்டபத்துக்கு வரும் மக்கள் ஓவியங்களைச் சுட்டிக்காட்டி, இவன் காமன், இவள் இரதி, இந்தப் பூனை இந்திரன், இவள் அகலிகை, இவன் கௌதமன் என்று ஒருவருக்கொருவர் கேட்டும் விளக்கியும் நிற்கிறார்கள். படத்தை மட்டும் பாடாமல் படத்தின் முன் நிற்பவர்களையும் சேர்த்துப் பாடிய அந்தப் புலவரை என் கட்டுரையின் கடைசிப் பகுதியில் வைத்தேன். காட்சிப் பண்பாடு என்ற பெயர் புதிது. கேள்வி அவ்வளவு புதிதல்ல.

இனி அத்தையின் பிள்ளையார். ஊருக்கு வந்த இரண்டாம் வாரம், கற்ற வித்தை எல்லாவற்றையும் கொட்டி அதை வரைந்தேன். பக்கவாட்டிலிருந்து வரும் ஒற்றை விளக்கொளி, தும்பிக்கையின் கீழே ஏழாம் படிச் சாம்பல், பார்வை சற்றே கீழிறங்கிக் கையிலுள்ள மோதகத்தின் மேல். அப்பா அதைச் சன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, ஆறாம் படியும் ஏழாம் படியும் இடது காதருகே ஒன்றாகிவிட்டன என்றார், உண்மைதான். அத்தை நெடுநேரம் பார்த்தார். முகம் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் சாமி தம்மைப் பார்க்கவில்லையே என்றார். பிறகு உள்ளே போய்ப் பழைய நாள்காட்டி ஒன்றை எடுத்துவந்து காட்டினார். நிழல் இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம், இரண்டு கண்ணும் நேராக நம்மேல். சென்னைக் கலைப்பள்ளியில் மேற்கத்திய முறை பயின்றுவிட்டுக் கோவில்பட்டியில் குடியேறி, நாள்காட்டிகளின் வழியே தமிழ் வீடுகளுக்குத் தெய்வ முகங்களைக் கொடுத்த கொண்டையராஜுவின் மரபில் வந்த படம் அது. அவரும் ஒளி-நிழலைக் கற்றவர்தான். அறையின் எந்த மூலையில் நின்றாலும் அந்தக் கண்கள் அத்தையோடு வரும். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் வரும்.

இரண்டாவது தாளை நேற்றுத் தொடங்கியிருக்கிறேன். அத்தை வீட்டில் படம் மாட்டப்போகும் ஆணி எந்த உயரத்தில் இருக்கிறது, காலையில் விளக்கேற்றும்போது அவர் எங்கே நிற்பார் என்று அளந்துவந்தேன். ஆணி அவர் கண்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது.